சாப்பிட்டு முடியட்டும்

ஹம்பேர்க்கிலிருந்து பிறேமாக்கா அழைத்தபோது மரியமலர் பாண் துண்டுகளுக்கிடையில் முட்டைப் பொரியலை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே இன்னும் விடியவில்லை. கீழே தெருவில் புருஷன் றெஜினோல்ட் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டும் சத்தம் மாடி வரை கேட்டது.

"மலர், டொக்டர் இண்டைக்கு எண்டு சொல்லிட்டார்," என்றாள் பிறேமா. அழவில்லை. அழுது முடித்த குரல். "நினைவு இருக்கு. கதைக்கிறார். ஆனா இரவு தாண்டாதாம். தம்பி எங்க, தம்பி எங்க எண்டு ஒரே கேள்வி. உடன வெளிக்கிடுங்கோ."

"ஓம் அக்கா. இந்தா வெளிக்கிடுறம்."

அதைச் சொன்னபோது மரியமலர் பொய் சொல்லவில்லை. அவர் மேலே வந்து இந்தப் பாணைத் தின்ன வேண்டியதுதான். தின்றதும் சொல்லிவிடலாம். ஆறேழு மணித்தியால ஓட்டம், மத்தியானத்துக்குப் பிறகு ஹம்பேர்க்கில் நிற்கலாம்.

பிறேமாவின் புருஷன் பெனடிக்ற், றெஜினோல்டின் ஒரே அண்ணன். மன்னாரிலிருந்து முதலில் வந்தவர் அவர்தான். தம்பியைக் கூப்பிட்டெடுத்தவரும் அவர்தான். அகதி முகாமில் இருவருக்கும் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு குளிர் அங்கி. வெளியே போகிறவன் அங்கியைப் போடுவான், மற்றவன் போர்வைக்குள் கிடப்பான். இப்போது அண்ணனுக்கு ஈரலில் புற்றுநோய். கிழமைக்கணக்குத்தான் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை போவதென்று றெஜினோல்டே நாள் குறித்திருந்தார். அதற்குள் காட்டு வேலை முடிந்துவிடும் என்று.

வெறும் வயிற்றில் இருக்கும் மனிதனுக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை. மரியமலர் வளர்ந்த வீட்டில் அப்படித்தான். செத்த வீட்டுச் செய்தி வந்தால் அதைக் கொண்டுவந்தவனை வேலிக்கு வெளியே நிறுத்திவைத்து, உள்ளே இருப்பவனுக்குச் சோறு போட்டு, அவன் கை கழுவிய பிறகுதான் கூப்பிடுவார்கள். ஜெர்மனிக்கு வந்தபின் அவள் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. மாமியார் செத்த காலையில் யாரோ றெஜினோல்டின் தொலைபேசிக்கே நேராக அழைத்துச் சொல்லிவிட்டார்கள். தேநீர் கூடக் குடித்திருக்கவில்லை. சீனி வருத்தக்காரர், நீரிழிவு. குளியலறையில் விழுந்து நெற்றி பிளந்து, தாய்க்குக் கொடுத்த பூசைக்குக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றைக்குப் பிறகு ஊர்ச் செய்தி எல்லாம் மரியமலருக்குத்தான் முதலில் வரும். அவள் தட்டை வைப்பாள், அவர் சாப்பிடுவார், அதன் பிறகு சொல்லுவாள். சித்தப்பா, மூத்த அக்கா, கூடப் படித்த சிநேகிதன் என்று ஒவ்வொருவரும் அவருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் செத்தார்கள். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

றெஜினோல்ட் மேலே வரவில்லை. கீழேயிருந்து ஹோர்ன் அடித்தார். அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"சூடாறமுதல் இதைத் தின்னுங்கோ."

"கார் ஓடேக்கை என்னண்டு தின்னுறது? பிறகு."

"நிப்பாட்டிப்போட்டுத் தின்னுங்கோ."

"உனக்கென்ன இண்டைக்கு? பாணுக்குக் கால் முளைச்சு ஓடப்போகுதே?"

கார் காட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே போய் இறங்கியதும் கொடுத்துவிடலாம் என்று மரியமலர் நினைத்தாள்.

காடு ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, மலை விளிம்பில். லிசா என்ற பெண்ணுக்குச் சொந்தம். அவளுக்குத் தகப்பன் விட்டுப்போன ஊசியிலை மரங்களையெல்லாம் வண்டு தின்றுவிட்டது. மிஞ்சியவை சரிவில் நின்ற மேப்பிள் மரங்கள் மட்டும். லிசா கனடாவில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்துத் திரும்பியவள். மரத்தில் துளையிட்டுச் சாறெடுத்துக் காய்ச்சிப் பாகு விற்கலாம் என்று துணிந்தாள். சென்ற வருடம் வரை வாளி கட்டினாள். இந்த வருடம் குழாய். பேக்கரியில் இரவு வேலை செய்து செய்து உடம்பு கெட்டு அதை விட்டுவிட்டு நின்ற றெஜினோல்டையும் மரியமலரையும் கோயில் சுவாமியார்தான் அவளிடம் அனுப்பிவைத்தார்.

வேலை விளங்காத வேலையல்ல. சின்ன விரல் தடிப்பில் நீலக் குழாய். மரத்துக்கு மரம் இழுத்துக் கட்ட வேண்டும். எங்கும் தொய்யக்கூடாது, எப்போதும் பள்ளத்தைப் பார்த்தே ஓட வேண்டும். நீலக் குழாய்களெல்லாம் கறுப்பான பெரிய குழாயில் வந்து சேரும். அது சரிவின் அடியில் இருக்கும் பலகைக் குடிலுக்குப் போகும். குடிலுக்குள் ஒரு பம்ப். குழாய்களுக்குள் இருக்கும் காற்றையெல்லாம் அது உறிஞ்சி வெளியே தள்ளும். காற்றில்லாத குழாய் மரத்திலிருந்து சாற்றை இழுக்கும். எங்காவது ஓர் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் பம்ப் வெறும் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கும்.

இரவில் உறைந்து பகலில் இளகினால்தான் மரம் சாறு விடும். நாளை வெயில் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் இன்றைக்கே பம்ப் ஓட வேண்டும்.

கார் நிறுத்துமிடம் சரிவின் உச்சியில் இருந்தது. காட்டுப் பக்கத்தில் தொலைபேசி வேலை செய்யும் ஒரே இடமும் அதுதான். றெஜினோல்ட் இறங்கியதும் துளைபோடும் மெசினைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, பாண்!"

"வெஸ்பர் நேரம் தின்னுறன். வா கெதியா."

பத்து மணிபோல லிசா வெஸ்பருக்கு, காலை இடைச் சாப்பாட்டுக்கு, குரல் கொடுத்தாள். றெஜினோல்ட் கையை ஆட்டி வேண்டாமென்றார். ஒரு மரத்தின் மேல் பக்கம் நின்று, குழாயை வயிற்றோடு அணைத்து, பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார். சரிவில் பனி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அந்த நேரம் அவரிடம் போய் உங்கள் அண்ணன் சாகக் கிடக்கிறார் என்று எப்படிச் சொல்வது? மரியமலர் குழாய் முனையைச் சுடுதண்ணீர்ப் போத்தலுக்குள் பிடித்தாள். குளிரில் விறைத்த குழாய் அப்படி இளகினால்தான் இணைப்புத் துண்டின் மேல் ஏறும். ஏறி, கடைசி வளையம் வரை போய் இருக்க வேண்டும். அவள் பிடித்தாள், இளகியது, ஏற்றினாள். அடுத்தது.

போத்தல் ஆறியதும் தண்ணீர் சுடவைக்கவென்று மேலே ஏறினாள். லிசாவின் வான் வண்டிக்குள் காஸ் அடுப்பு இருந்தது. கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் தொலைபேசி சட்டைப் பைக்குள் துடித்தது. பிறேமா குரற்செய்தி அனுப்பியிருந்தாள்.

"எங்க நிக்கிறியள்? கஸ்ஸல் தாண்டிட்டியளோ? கதவையே பாத்துக்கொண்டு கிடக்கிறார்." அதற்குப் பின்னால், சற்றுத் தூரத்தில், பெனடிக்றின் குரல். சருகு மாதிரிக் குரல். "அவனைக் கெதியா ஓட வேண்டாமெண்டு சொல்லு. பனி வழுக்கும்."

மரியமலர் அதை இன்னொரு தரம் கேட்கவில்லை. 'வாறம்' என்று எழுதி அனுப்பினாள். அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

"மரியா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள் லிசா. கெண்டியைத் தூக்கியபடி அவள் முகத்தையே பார்த்தாள்.

"குளிர்தான். ஒன்றுமில்லை."

லிசாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பம்பும் வேண்டாம், சாறும் வேண்டாம், போங்கள் என்று கையைப் பிடித்துக் காரில் ஏற்றியிருப்பாள். அது மரியமலருக்குத் தெரியும். ஆனால் புருஷனுக்குச் சொல்லாததை வேற்றாளிடம் சொல்வதா? இப்போதே இறங்கிப் போய்ப் பாணைக் கையில் கொடுத்து, தின்ன வைத்து, சொல்லிவிட வேண்டும். பொதியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"வேலையை விட்டுட்டு முதல் இதைச் சாப்பிடுங்கோ."

"நீ சாப்பிடு."

"காலமையும் சாப்பிடேல்லை. வெறும் வயித்திலயோ குளிசை போட்டனியள்?"

"போடேல்லை. சாப்பிடாமல் போடக்கூடாதெண்டு டொக்டரே சொன்னவர்." சிரித்தார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது.

"என்ன விளையாட்டு இது?"

"கத்தாதை, மரம் பயந்து சாறு விடாது." மெசினைக் கீழே வைத்தார். குரல் தணிந்தது. "வெள்ளிக்கிழமை. ஒருசந்தி இருக்கிறன்."

தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நேரம் மட்டும் உண்டு இருப்பது அவர் முன்பு விடாத பழக்கம். சீனி வந்தபின் விட்டிருந்தார்.

"சீனிக்காரருக்கு ஒருசந்தி வேண்டாமெண்டு சுவாமியே சொன்னவரெல்லே?"

"எனக்கெண்டு இல்லை. அண்ணைக்கு." அவர் அவளைப் பார்க்காமல் கையுறையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்தக் குழாய் ஓடத் தொடங்கும் மட்டும் தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கிறேல்லை எண்டு கடவுளுக்கு நேத்தி வைச்சனான். ஞாயிறு போகேக்கை ஆள் எழும்பி இருந்து என்னை ஏச வேணும். மொட்டைத்தலையா, இப்பதான் வழி தெரிஞ்சதோ எண்டு கேக்க வேணும்."

மரியமலர் வாயைத் திறந்தாள். அவர் மரத்தில் தோளைச் சாய்த்திருந்தார். குளிரா, பசியா, இரண்டுமா. கீழே பாறை. நேற்றிரவுக்குப் பிறகு அந்த வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. இப்போது சொன்னால் இந்த மனிதன் உருண்டு போவான். அண்ணனுக்காகப் பட்டினி கிடக்கிறவனிடம் அண்ணன் பிழைக்கமாட்டார் என்று சொல்வது எப்படி என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

பாணைத் திரும்பச் சுற்றினாள்.

இன்னும் இரண்டு வரிசைதான் மிச்சம். வேகமாகச் செய்தால் சீக்கிரம் முடியும். முடிந்தால் பம்ப் ஓடும். பம்ப் ஓடினால் அவர் தின்பார். தின்றால் சொல்லலாம். இரவு தாண்டாது என்றுதானே டொக்டர் சொன்னார், இரவுக்குள் போய்விடலாம். அவள் அப்படித்தான் கணக்குப் போட்டாள். கணக்கில் பிழை இல்லை. டொக்டர் சொன்னதை நம்பிப் போட்ட கணக்கு, அவ்வளவுதான்.

அவள் அன்றைக்கு வேலை செய்தது போல் எப்போதும் செய்ததில்லை. முழங்காலில் ஊர்ந்து ஏறினாள். வெட்டு, முக்கு, ஏற்று, அடுத்த மரம். போத்தல் தண்ணீர் மறுபடி ஆறியது. மேலே ஏறி நேரத்தை வீணாக்க மனமில்லை. தொலைபேசி வேலை செய்யும் அந்தப் பக்கம் போகவும் மனமில்லை. வெதுவெதுப்பிலேயே முக்கி, பல்லைக் கடித்து அழுத்தி ஏற்றினாள்.

"இண்டைக்கு உனக்கு என்ன பேய் பிடிச்சது?" றெஜினோல்ட் மேலிருந்து கத்தினார். "லிசா கண்டால் என்னை நிப்பாட்டிப்போட்டு உன்னை மட்டும் வைச்சிருப்பாள்!"

"கதையை விட்டுட்டுத் துளையைப் போடுங்கோ!"

"ஓம் முதலாளியம்மா."

கடைசி மரத்தின் துளைக்குள், சாறு வடியும் மூக்குத் துண்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கிவிட்டு அவர் சிலுவை அடையாளம் போட்டார். மூவரும் குடிலுக்கு இறங்கினார்கள். லிசா பம்பை முடுக்கினாள். சுவரில் இருந்த அழுத்த மானியின் ஊசி ஏறியது. பாதி வரை வந்தது. நின்றது.

லிசா அதை விரலால் தட்டினாள். ஊசி அசையவில்லை.

"எங்கேயோ காற்றுப் போகிறது," என்றாள். "ஒவ்வொரு வரிசையாகப் பார்க்க வேண்டும்."

"பாதி போதாதோ?" என்று மரியமலர் கேட்டாள். கேட்டது தமிழில். லிசாவுக்கு விளங்கவில்லை.

"பாதியில என்னத்தை இழுக்கிறது," என்றார் றெஜினோல்ட். "வா, தேடுவம்."

"இப்ப சாப்பிடுங்கோ. பம்ப் ஓடுதுதானே. நேத்தி முடிஞ்சுது."

"குழாய் ஓட வேணும் எண்டனான். பம்ப் ஓட வேணும் எண்டு சொல்லேல்லை. கடவுளோட சட்டம் கதைக்கலாமே?"

ஓட்டை தேடுவது காதால் செய்யும் வேலை. குழாயோடு குழாயாக நடக்க வேண்டும், ஒவ்வோர் இணைப்பிலும் நிற்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். காற்று உள்ளே போகுமிடத்தில் மெல்லிய சீறல் கேட்கும். அன்று மத்தியானத்துக்குப் பிறகு காட்டில் காற்று எழும்பிவிட்டது. மரங்கள் முனகின. எங்கும் சீறுவது போல இருந்தது, எங்கும் சீறவில்லை. மூவரும் மூன்று பக்கமாகப் பிரிந்தார்கள். வெளிச்சம் மஞ்சளாகி, மரங்களின் நிழல் சரிவு முழுக்க நீண்டது. றெஜினோல்ட் இரண்டு தரம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை மரியமலர் தூரத்திலிருந்து கண்டாள். இரண்டு தரமும் அவள் கூப்பிட்டாள். இரண்டு தரமும் அவர் கையைக் காட்டிவிட்டு நடந்தார்.

பிழை யாருடையது என்று அவளுக்குத் தேடத் தொடங்கும்போதே தெரியும். அதனால் தன் கடைசி இரண்டு வரிசைகளுக்குத்தான் நேராகப் போனாள். அங்கும் கண்டுபிடிக்க நேரம் எடுத்தது. உச்சி மூலையில், இரண்டாகக் கவர்விட்ட ஒரு மரத்தடியில், நீலக் குழாய்க்குள் காற்றுக் குமிழிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. காதை வைத்தாள். சீறியது. குழாய் கடைசி வளையத்துக்கு ஏறாமல் நின்றிருந்தது. அவளுடைய கை வேலை. குழாய் முனையைக் கழற்றி வாய்க்குள் வைத்துக் கடித்துச் சூடாக்கினாள். பிறகு முழங்காலை மரத்தில் ஊன்றி அழுத்தினாள். குழாய் ஏறிப் போய் இருந்தது. சீறல் நின்றது.

கார் நிறுத்துமிடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அவள் ஏறினாள். பிறேமா எழுதியிருந்தாள்.

'போயிட்டார். தம்பிக்கு வழியில சொல்லாதை மலர். கார் ஓடுற ஆள். வந்து ஏதும் சாப்பிட்டாப் பிறகு சொல்லுவம்.'

கீழே, குடிலின் பக்கமிருந்து, றெஜினோல்டின் குரல் மரங்களுக்கிடையால் வந்தது. "மலர்! ஏறுது! ஊசி ஏறுது!" கல்யாண வீட்டில் கத்துவது போலக் கத்தினார்.

அவள் இறங்கி வந்தபோது அவர் குடிலுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கண்ணாடிச் சாடிக்குள் சாறு விட்டுவிட்டு வந்து விழுந்துகொண்டிருந்தது. நிறமில்லை. தண்ணீர் மாதிரி. லிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"கொண்டா பாணை," என்றார் றெஜினோல்ட். "முதலையையும் தின்னுவன்."

அவள் கொடுத்தாள். இனி அவசரம் எதுவும் இல்லை. அவர் பாணை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றார். முட்டைத் துணுக்கு தாடையில் ஒட்டியது. மற்றதையும் பிரித்துக் கொடுத்தாள். அதையும் தின்றார். அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இஞ்ச பார்," என்றார், வாய் நிறைய வைத்துக்கொண்டு. "ஞாயிறு மட்டும் ஏன்? வேலை முடிஞ்சுது. வீட்ட போய் முகத்தைக் கழுவிப்போட்டு இப்பவே வெளிக்கிட்டால் விடியக்கிடையில அண்ணையிட்ட நிக்கலாம்."

அவள் பாண் சுற்றியிருந்த தாளை மடித்தாள்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். தட்டுக்குப் பிறகு வரும் மௌனத்தை அவர் இத்தனை வருடத்தில் பழகியிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த பாணைப் பார்த்தார்.

"ஆர்?"

"அண்ணை."

"எப்ப?"

"பின்னேரம். நாங்கள் ஓட்டை தேடேக்கை."

"உனக்கு எப்ப சொன்னவை?"

"காலமை. நீங்கள் கண்ணாடி சுரண்டேக்கை. இண்டைக்குத்தான் எண்டு, உடன வரச்சொல்லி."

வாய்க்குள் இருந்ததை அவர் விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. பிறகு விழுங்கினார்.

"அப்ப நான் ஒருசந்தி எண்டு சொல்லேக்கை அண்ணை இருந்தவர்."

"ஓம்."

"கதைச்சவரோ?"

அவள் தொலைபேசியை எடுத்துக் குரற்செய்தியைப் போட்டாள். அவர் குனிந்து கேட்டார். பம்ப் சத்தத்தில் தெளிவாகக் கேட்கவில்லை. திரும்பப் போடு என்று சொல்லவில்லை. எழும்பி, மிச்சப் பாணை வாங்கில் வைத்துவிட்டு, லிசாவிடம் போய் ஜெர்மன் மொழியில் சொன்னார். "என் அண்ணன் இறந்துவிட்டார். நாங்கள் போகிறோம்."

"கடவுளே! நீங்கள் ஏன் இவ்வளவு நேரம் இங்கே நின்றீர்கள்?"

"எனக்குத் தெரியாது," என்றார்.

லிசா மரியமலரைப் பார்த்தாள். மரியமலர் தரையைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. காட்டு உடுப்போடு நேரே நெடுஞ்சாலையில் ஏறினார்கள். அவர் ஏசுவார் என்று அவள் காத்திருந்தாள். கையை ஓங்கினாலும் நல்லதென்று இருந்தது. அவர் விளக்கைப் போட்டார், கண்ணாடியைத் துடைத்தார், ஓடினார். நெடுந்தூரம் போனபின் அவரது தொலைபேசி அடித்தது. கார் ஸ்பீக்கரில் பிறேமாவின் குரல், அடக்கிப் பிடித்த குரல்.

"தம்பி, எங்க நிக்கிறியள்? காணேல்லை எண்டு எடுத்தனான்."

மரியமலர் மூச்சை நிறுத்தினாள். காலையில் வெளிக்கிட்டவர்கள் இன்னும் வந்து சேராததற்கு என்ன சொல்வது? அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வழியில பெரிய அக்சிடென்ட் அண்ணி. றோட்டு அடைச்சுப் போச்சு. மத்தியானம் தொடக்கம் ஒரு வாகனமும் அசையேல்லை. இப்பதான் விட்டவங்கள்."

"பரவாயில்லை, பரவாயில்லை. ஆறுதலா வாங்கோ."

"அண்ணை?"

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நித்திரை," என்றாள் பிறேமா. "இப்பதான் நித்திரையானவர்."

"ஓம் அண்ணி. எழுப்ப வேண்டாம்."

"தம்பி, வழியில ஏதும் சாப்பிட்டனியளோ?"

அவர் முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அண்ணி," என்றார். "வடிவாச் சாப்பிட்டிட்டன்."